செட்டின்யேவில் இல்லாத நெசவுத் தெரு

மேசையில் உன் கட்டுரை கிடக்கிறது. ஞாயிறு இணைப்பின் அரைப் பக்கம், அட்டையில் அரிசிக் கஞ்சி தடவி ஒட்டியது. தறியில் பட்டுப் பாவு நூலுக்குப் போடும் அதே கஞ்சி. முகர்ந்து பார்த்தேன். அச்சு மையின் வாசனை போய்விட்டது, கஞ்சி வாசனை மட்டும் இருக்கிறது. ‘மாண்டினீக்ரோ: பார்க்க வேண்டிய ஆறு இடங்கள்.’

கொண்டுவந்தவர் ஐயம்பேட்டை நெசவாளர். பதினைந்து வருடமாகத் தறிக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தாராம். இப்போது அவருடைய மகன் அந்த நாட்டில் ஓட்டல் சமையல்காரன்; பெற்றோரை எட்டு நாளுக்கு அழைத்திருக்கிறான்.

“எழுதுனவரு உயிரோட இல்லைன்னாங்க. நீங்க கூடவே இருந்தவராமே. எனக்கு முட்டி வலி சார், எல்லாம் சுத்த முடியாது. இந்த ஆறாவது மட்டும் பார்த்தாப் போதும்.”

ஆறாவது இடம் நீ இட்டுக்கட்டியது.

நீ அதை எழுதிய அன்று மாலை ஐந்து மணிக்குப் பக்கம் முடிய வேண்டும். எந்த நாட்டைப் பற்றி எழுதினாலும் நீ எழுதியது நம் பத்திரிகையின் சின்னக் காஞ்சிபுரம் அலுவலகத்தில் உட்கார்ந்துதான். நூலகப் புத்தகம், அட்லஸ், கம்ப்யூட்டர் சென்டரில் எடுத்த நாலு தாள். உன் பாஸ்போர்ட்டில் கடைசிவரை ஒரு முத்திரை விழவில்லை. ஆனாலும் தூரத்து இடத்தை ஊர்க்காரன் கண்ணுக்குக் காட்டிவிடுவாய். பெராஸ்ட் கரைக்கு எதிரே, மாலுமிகள் கல் கல்லாகப் போட்டு எழுப்பிய தீவில் நிற்கும் மாதா கோவிலை, ‘நம் குளத்து நீராழி மண்டபம் கடலுக்குப் போய்விட்டது போல’ என்று எழுதியிருந்தாய். கோட்டோரின் மலைக்கோட்டைப் படிகள், பாறையில் பதிந்த வெள்ளை ஓஸ்ட்ரோக் மடம், ஸ்காடார் ஏரியின் ஆம்பல், துர்மிட்டோரின் கருப்பு ஏரி. ஐந்தோடு முடிந்தது. அடியில் நாலு விரல் இடம் காலி.

“ஏதாவது படம் போட்டுடலாம்” என்றேன்.

“இருபா. நம்ம ஊரு ஆளு அவ்ளோ தூரம் போய் நிக்கிறான். அவனுக்குன்னு ஒண்ணு வேணாமா?”

பழைய தலைநகர் செட்டின்யேவில் ஒரு பட்டு நெசவுத் தெரு. காஞ்சிக்காரர் என்றால் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுப்பார்கள். அப்படி எழுதினாய்.

“இது எதுல இருக்குது?”

“எதுலயும் இல்ல. எவன் போய்ப் பார்க்கப்போறான்?”

சிரித்தேன். மெய்ப்புப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். இரங்கல் செய்தியில் வயதைக்கூட மூன்று பேரிடம் கேட்டு எழுதுகிறவன், அந்த நாலு விரல் பொய்யை விட்டுவிட்டேன்.

தெருவை இடித்துவிட்டார்கள் என்று நெசவாளரிடம் சொல்லியிருக்கலாம். இன்னொரு பொய்யைத் தூக்கத் தெம்பில்லை. உண்மையைச் சொன்னேன். அவர் அட்டையில் மேலே இருந்த ஐந்தையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

“அப்போ மத்த அஞ்சு?”

மூன்று நாள் உட்கார்ந்து வரி வரியாகச் சரிபார்த்தேன். ஓஸ்ட்ரோக்குக்கு ஏறும் சாலை குறுகல் என்பதுவரை சரியாக இருந்தது. ஐந்துக்கும் டிக் போட்டு, ஆறாவதைப் பேனாவால் அடித்தேன். அவர் வந்து செல்லில் படம் எடுத்துக்கொண்டு, அட்டையை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

நேற்று அங்கிருந்து பேசினார்.

“அந்தத் தீவு, அவரு சொன்ன மாதிரியே நீராழி மண்டபந்தான் சார். செட்டின்யேவுலயும் ஒரு நாள் பூரா நடந்து பார்த்துட்டோம்.”

“அங்கே தெரு இல்லைன்னு சொன்னேனே.”

“நீங்க சொன்னீங்க. எழுதுனவரு சொல்லலியே.”

பின்னால், மகனிடம் பேசும் அவர் மனைவியின் குரல்: “முட்டி வீங்கிப்போய் உக்காந்துக்கினு இருக்காரு, அதையும் சொல்லச் சொல்லு.”

எட்டு நாளில் ஒரு நாள் அப்படிப் போயிற்று.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. இன்று காலையிலிருந்து, அந்தக் கட்டுரை வெளிவந்த மறுநாள்தான் நினைவில் நிற்கிறது. டீக்கடையில் இரண்டு நெசவாளர்கள் செட்டின்யே தெருவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு வந்து, உட்கார்ந்து இரண்டு வரித் திருத்தம் எழுதி நீட்டினாய். ‘சென்ற வாரம் ஆறாவதாகக் குறிப்பிட்ட இடம் உண்மையில் இல்லை. வருந்துகிறேன்.’

“இந்த வாரம் இடம் இல்லைபா” என்றேன்.

“நாலு விரல்கூடவா இல்ல?” என்று கேட்டாய். அடுத்த வாரம் நீ கேட்கவில்லை, நானும் போடவில்லை.

எழுதியவர் மறுநாளே சொன்னார். அதை நான் இன்னும் அந்த நெசவாளரிடம் சொல்லவில்லை.