ஜப்தியான சாப்பாட்டு மேஜை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன். முழங்கால் வலியும் நலமாக இருக்கிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. கடிதத்துக்கு நடுவில் யாரும் சரிம்மா போட முடியாது. உட்கார்ந்து படி.

நம் வீட்டில் ஜப்தி நடந்தது.

பதறாதே, நான் பதறவில்லை. அப்பா போனபோது நீ வந்திருந்தாயே, அப்போது ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினாய். தீயணைப்பு நிலைய வாசலை அடைத்து நிறுத்தியிருக்கிறாய். பள்ளிக்கூடத் தெருவில் பறந்திருக்கிறாய். பள்ளிக்கூடம் போகிற வயதில் அதே தெருவில் உன்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனவள் நான். அந்த வேகத்தை அப்போது காட்டியிருக்கலாம். அபராதத்தைக் கட்டாமலே விமானம் ஏறிவிட்டாய். மூன்று வருஷமாகிறது. அதற்குப் பிறகு நீ வரவில்லை, உன் பெயருக்கு அரசாங்கக் கடிதங்கள்தான் வந்தன. பிறர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்று கான்வென்டில் படித்தவள் நான், ஒன்றையும் பிரிக்கவில்லை. உன்னிடம் சொன்னேன். "குப்பையில போடுங்கம்மா" என்றாய். அதையும் செய்யவில்லை.

அரசாங்கம் வசூலிக்கிற விதத்தைப் பார்த்தால், அப்பா உன்னைக் காலையில் எழுப்பியதுதான் ஞாபகம் வருகிறது. முதலில் மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அது நினைவூட்டல் கடிதம். பிறகு குரலை உயர்த்துவார். அது தாமதக் கட்டணம். பிறகு போர்வையை இழுப்பார். இங்கே உன் பெயரில் இருந்த பழைய பேங்க் கணக்கை முடக்கி, அதிலிருந்த சொற்பத்தையும் வழித்துக்கொண்டார்கள். நீ புரண்டு படுத்தாய். அப்புறம் முகத்தில் தண்ணீர்தானே? ஆளே வந்துவிட்டார்.

வந்த அதிகாரி மரியாதையான மனிதர். சட்டைக்கு இஸ்திரி போதாது. செருப்பை வெளியே விடச் சொன்னேன், விட்டார். அடையாள அட்டையைக் கேட்டேன், காட்டினார். அதற்குள் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் மனைவி, சர்க்கரைக் கிண்ணத்தோடு வந்து நின்றுவிட்டாள். அந்த வீட்டில் விசேஷம் நடக்கும்போதெல்லாம் சர்க்கரை தீர்ந்துபோவதில்லை. நம் வீட்டில் நடக்கும்போது மட்டும்தான் தீரும். "என்னங்க, யாரு வந்திருக்கா?" என்றாள். சாமான்களைக் கணக்கெடுக்க வந்திருக்கிறார் என்றேன். பொய் இல்லை.

அதிகாரி எனக்குச் சட்டத்தை விளக்கினார். "உங்க பையனோட பொருளைத்தான் நாங்க தொடலாம்மா. உங்களோடதுல ஒரு ஸ்பூனைக்கூட எடுக்க மாட்டோம்" என்றார். உன் அறையைத் திறந்து காட்டினேன். கம்பி இல்லாத கிடார், நான் துண்டு காயப்போடுகிற உடற்பயிற்சி சைக்கிள், அழகான கையெழுத்துக்கு நீ பரிசாக வாங்கிய கோப்பை. அவர் மூன்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதை ஏலம் விட்டா, தூக்கிட்டுப் போற கூலிக்கே பத்தாதும்மா" என்றார்.

பிறகு கூடத்தில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். "இந்த வீட்டுல உங்க பையனுக்குன்னு ஒண்ணும் இல்லைன்னு எழுதிடறேன். உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் வேலை முடிஞ்சுது" என்றார். பல் டாக்டரின் மனைவி "ஆமாங்க, அந்தத் தம்பிக்கு இங்க என்ன இருக்கு?" என்று ஒத்து ஊதினாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். புத்தியுள்ள எவளும் இருந்திருப்பாள். "யார் சொன்னது? இந்தச் சாப்பாட்டு மேஜை அவனோடது. ஆறு நாற்காலியும் அவனோடது" என்று சொல்லிவிட்டேன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. நான் போற வீட்டுல எல்லாரும் எதுவுமே எங்களோடது இல்லைன்னுதான் சொல்வாங்க. போன வாரம் ஒருத்தர், போட்டிருந்த சட்டையே மச்சானோடதுன்னு சத்தியம் பண்ணினார்" என்றார். மேஜை அவன் அப்பா வாங்கியது, அவருக்குப் பிறகு வேறு யாருக்கு என்று கேட்டேன். சுவர்க் கடிகாரத்தையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். "போதும்மா, மேஜையே தாராளம்" என்று அவர் என்னைக் கெஞ்சும்படி ஆகிவிட்டது.

சிவப்பு ஸ்டிக்கரைக் கோணலாக ஒட்டினார். எடுத்து நேராக ஒட்டச் சொன்னேன். மேஜையை நான் பயன்படுத்தலாம், விற்கக் கூடாதாம். ஆக, இப்போது அரசாங்கத்தின் மேஜையில் என் தட்டை வைத்துச் சாப்பிடுகிறேன். ஜன்னலோரத்தில் நீ உட்காருகிற நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது, அது விலை போகாது என்றார். போக வேண்டாம் என்றேன்.

அடுத்த மாதக் கடைசியில் ஏலம். பணத்தை யார் கட்டினாலும் வாங்கிக்கொள்வார்களாம். உடனே "அனுப்பறேன், கட்டிடுங்கம்மா" என்பாய். அனுப்பாதே. என்னிடமும் பணம் இருக்கிறது, நானும் கட்டப்போவதில்லை. தப்புச் செய்தவன் நேரில் வந்து கட்டிக் கையெழுத்துப் போடுவதுதான் முறை. அன்றைக்கே ஸ்டிக்கரை எடுத்துவிடுவார்கள். ஒன்றைக் கவனி: நான் உன்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடுவது அரசாங்கம்.

உனக்கு இங்கே ஒன்றும் இல்லை என்று எழுத நான் விடவில்லை. என்னைப் பொய் சொன்னவளாக ஆக்கிவிடாதே, அதுவும் அந்தச் சர்க்கரைக் கிண்ணத்தின் முன்னால்.

வேளைக்குச் சாப்பிடு. நின்றுகொண்டு சாப்பிடாதே. கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். வந்தால் மெதுவாக ஓட்டி வா. நம் வீட்டு வாசலில் எத்தனை நாள் நிறுத்தினாலும் அபராதம் கிடையாதாம். அதிகாரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

என்றும் உன்
அம்மா