கலாவதி அக்காவின் தோல்

2007 ஜன. 9, செவ்வாய்

மார்கழிப் பனி. தண்ணீர் தொட்டதும் விரல்கள் வெள்ளை, அப்புறம் நீலம். அடுப்பருகே காட்டிய பிறகே ரத்தம் வந்தது. பீங்கான் பொம்மைக்குக் கண் எழுதும் வேலையை விட்டு நாலு மாதம். பிரஷ்ஷைப் பிடிக்க விரல் மடங்குவதில்லை.

பால் வாங்கணும். நல்லெண்ணெய் தீர்ந்தது.

ஜன. 11, வியாழன்

முதல் பஸ். புதுச்சேரி ஆஸ்பத்திரி. பரிசோதனைக்காக முன்கையில் வெட்டி எடுத்த தோல் துண்டின் முடிவு இன்று.

டாக்டரம்மா சொன்னது, மறக்குமுன்: காயம் பட்டால் ஆற்றுவதற்குத் தோலில் சில செல்கள் நார் போடும், ஆறியதும் நிறுத்திவிடும். என் உடம்பின் காவல் என்னையே பகையாளி என்று நினைத்துவிட்டது. அதனால் அந்தச் செல்கள் மாறிப்போய், காயமே இல்லாமல் நார் போட்டுக்கொண்டே இருக்கின்றன. இந்த இறுக்கம் அதுதான்.

"பொம்மக் கம்பெனித் தூசியாலயா டாக்டர்?"

"இருக்கலாம்மா. உறுதியா சொல்ல முடியாது. திரும்ப அங்க போகாதீங்க."

வரிசையில் பக்கத்தில் சேத்தியாத்தோப்பு கலாவதி அக்கா. அதே நோய், பல வருஷமாக. ஆனால் அக்காவுக்குத் தோல் இளகிவிட்டது.

"கிள்ளிப் பாருடி" என்று கையை நீட்டினார்.

சப்பாத்தி மாவு மாதிரி வந்தது. என் கையில் கிள்ளப் பிடியே கிடைக்காது. கொஞ்சம் அழுத்தியே கிள்ளினேன். வேண்டுமென்றுதான்.

திரும்பும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர்: "பாத்தியா வசந்தி, அவங்களுக்கு எளகிடுச்சு. உனக்கும் எளகும்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எவள் கையையோ காட்டி எனக்கு ஆறுதல்.

ஜன. 15, பொங்கல்

கரும்பு கடிக்க வாய் திறக்கவில்லை. இவர் சின்னச் சின்னதாக நறுக்கித் தந்தார். கலாவதி இந்நேரம் கரும்பைப் பல்லாலேயே உரித்துக்கொண்டிருப்பாள். 'அக்கா'வும் 'இருப்பா'ரும் போய் 'இருப்பாள்' வந்துவிட்டது. இருக்கட்டும். யார் படிக்கப்போகிறார்கள்.

ஜன. 25, வியாழன்

மறுபடி ஆஸ்பத்திரி. டாக்டரம்மா உடம்பெங்கும் தோலைக் கிள்ளி இறுக்கத்துக்கு மார்க் போட்டார். முதல் தடவையைவிட அதிகம். அதிக மார்க் வாங்கினால் ஃபெயில் ஆகிற பரீட்சை.

மூச்சு ஊதிப் பார்க்க மாடிக்குப் போகச் சொன்னார்கள். லிஃப்ட் ஓடவில்லை. கலாவதி அக்காவுக்கும் அதே பரிசோதனை. பேச்சுக் கொடுத்தார். காதில் விழாததுபோல் விறுவிறுவென்று முன்னால் ஏறினேன். திரும்பிப் பார்த்தால் பாதிப் படியில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம். கூட வந்த என் வீட்டுக்காரர் சக்கர நாற்காலி தேடிக் கீழே ஓடினார்.

"என்னாக்கா ஆச்சு?"

"தோலு எளகுச்சுடி. நுரையீரலு... நாராப் போயிடுச்சு." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார். "நீ ஏறுனத பாத்தேன். வயித்தெரிச்சலா இருந்துச்சு."

"நான் உங்க கையப் பாத்துட்டு வந்ததுலேர்ந்து வெந்துகிட்டு இருக்கேன்க்கா."

அக்கா சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

மேலிருந்து நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டார். "போடி, கூப்புடுறாங்க" என்றார் அக்கா. போகவில்லை. நாற்காலி வரும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். மரத்த விரலுக்கும் முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது.

அப்புறம் நானும் குழாயில் ஊதினேன். முடிவு அடுத்த வியாழன்.