கையோடு வந்துவிடும் சாவி

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? ஷார்ஜாவில் நான் நலம்.

நான் பட்டம் வாங்கியபோது நீங்கள் கொடுத்த கைக்கடிகாரத்தை, என் தம்பியின் மகன் வசந்தின் கல்யாணத்துக்குத் திருப்பிக் கேட்டீர்கள். "மாப்பிள்ளை கையில என் வாட்சு கெடக்கட்டும்ப்பா. ஒனக்குத்தான் போன்லயே மணி தெரியுதே!" நிலத்தைத் தம்பி பேருக்கு எழுதியபோதும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

கண்ணாடிக்குள் இருந்த தூசியைத் துடைத்து அனுப்பலாம் என்று திறந்தேன். உள்ளிருக்கும் இயந்திரத்தை வெளியே எடுக்க, பக்கவாட்டில் மணி திருப்பும் சாவியை முதலில் உருவ வேண்டும்; அதைப் பிடித்திருக்கும் திருகாணியை அளவுக்கு மீறித் தளர்த்திவிட்டேன். உள்ளே சாவியைக் கவ்வும் கொக்கி விலகிவிட்டது. இப்போது சாவியைச் செருகினால் நிற்கிறது, மணி திருப்ப இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது. திருகாணியை இறுக்கியும் பயனில்லை. முள்ளையும் முகப்பையும் கழற்றித்தான் கொக்கியைப் பொருத்த வேண்டுமாம். அதற்கு எனக்குக் கை வராது. வேண்டுமென்றே கெடுத்தேன் என்று தம்பி சொல்வான், நீங்களும் நம்புவீர்கள்.

இங்கே கடையில் கொடுத்து வாங்க நேரமில்லை; நாளைக்கே ஊருக்கு வரும் என் நண்பர் அடைக்கலத்திடம் கடிகாரத்தையும் சாவியையும் கொடுத்துவிடுகிறேன். இலுப்பூரில் யாராவது பழுது பார்த்தால் காட்டுங்கள். ஓடுகிறதா என்று நீங்களே ஒரு வரி எழுதுங்கள், தம்பியைவிட்டுப் பேசச் சொல்லாதீர்கள்.

அன்பு மகன் என்று முடிக்க மனம் வரவில்லை. வேறு எப்படி முடிப்பதென்றும் தெரியவில்லை. கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.