பட்டு நடக்கும் புல்தரை

மார்ச் 8, ஞாயிறு

காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. பனி போய்விட்டது. புத்தகங்களில் வசந்தம் மூன்று மாதம். இங்கே பத்து நாள். அதற்குள் புல்லை எழுப்ப வேண்டும்.

சின்ன காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபம். பின்பக்கப் புல்தரை, மழைக்காலம் முழுக்கக் கவனிப்பாரில்லை. நர்சரி தொடங்கிய பிறகு எனக்கு வந்த முதல் பெரிய வேலை. சனிக்கிழமை மாலை மண்டபத்துக்காரம்மாவின் மகனுக்குக் கல்யாண வரவேற்பு. எல்லோரும் நிற்கப்போவது புல்லில். அவருக்குப் பிடித்தால் வருடம் முழுக்கப் பராமரிப்பு எனக்கு. இல்லையென்றால் புல்லைப் பெயர்த்துவிட்டு சிமெண்ட் கல்.

இன்று:
கோரை பிடுங்கியது, நான்கு கூடை.
புல்வெட்டும் மெஷின் ஓட்டியது.
கம்பியால் துளை போட்டது.
செம்மண், தொழுஉரம் சலித்துத் தூவியது. தண்ணீர்.

என்னோடு வேலை செய்யும் குப்பு அக்கா: "நெல்லு நட்ட கையிம்மா இது. மாடுகூட மேயாத புல்லுக்கு இம்மா உபசாரமா!"

உள்ளங்கையில் கொப்புளம். பரம சந்தோஷம்.

மார்ச் 10, செவ்வாய்

துளைகளைச் சுற்றிப் பச்சை ஊசிகள். குனிந்தால்தான் தெரிகிறது. பத்து தடவை குனிந்தேன்.

நூலகப் புத்தகம் நாளைக்குள் திருப்ப வேண்டும். கடைசி அத்தியாயம் பாக்கி. செருப்பு வார் அறுந்தது.

மார்ச் 11, புதன்

மண்டபத்துக்காரம்மா பார்க்க வந்தார். புல்லில் ஒரு நடை போய்த் திரும்பினார். புடவையின் கீழ்க்கரையைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பு.

"இன்னாம்மா இது?"

"செம்மண்மா. புல்லுக்கு நல்லது."

"புல்லுக்கு நல்லது. பொடவைக்கு? முப்பது வருஷம் தறியில உக்காந்தவ நான். சனிக்கிழமை எங்க தெருவே வருது. ஒவ்வொருத்தியும் தான் நெய்ஞ்சதைக் கட்டிக்கினு வருவா. கரையில மண்ணு ஒட்டிச்சுன்னா என்னைச் சும்மா வுடுவாளுங்களா? கம்பளம் விரிச்சுடுறேன். கம்பளம் விரிக்கிற எடத்துல புல்லு எதுக்கு? அடுத்த வாரம் கல்லு பதிச்சுடலாம்."

மூன்று தோட்டப் புத்தகங்கள் படித்திருக்கிறேன். மூன்றும் வசந்தத்தில் மண் தூவு என்கின்றன. எழுதியவர்களின் ஊர்களில் யாரும் பட்டுடுத்திப் புல்லில் நடப்பதில்லை போல. சரி, அவர்களை விடு. நான் பிறந்தது காஞ்சிபுரத்தில். சல்லடையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பட்டுப்புடவைகூட நினைவுக்கு வரவில்லை.

"சனிக்கிழமை மதியம் வரைக்கும் டைம் குடுங்கம்மா. அப்பவும் ஒட்டுச்சுன்னா கம்பளத்தை நானே விரிக்கிறேன்" என்றேன். குரல் நடுங்கவில்லை. குறித்துவைக்கத் தக்கது.

யோசித்தவை: மணல் தூவலாம் (அதுவும் ஒட்டும்). தென்னை நார்த்தூள் (கறை பிடிக்கும்). மண்ணைச் சுரண்டி எடுக்கலாம் (வேர் போகும்). மிஞ்சியது ஒன்றுதான்: இன்றே நிறையத் தண்ணீர் விட்டு மண்ணை வேருக்கு இறக்குவது. பிறகு சனி வரை ஒரு சொட்டுக் கிடையாது. நன்றாகக் காய்ந்ததும் பெருக்குவது.

புல் வாடும். சாகாது. அருகம்புல் அது.

மார்ச் 12, வியாழன்

மண் ஒட்டுகிறதா என்று பார்க்க, அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியை ஈரமாக்கி, ஆளுக்கொரு முனை பிடித்துப் புல்லின் மேல் இழுத்தோம். காவி வேட்டியாகிவிட்டது.

குப்பு அக்கா: "உங்கப்பாவை சாமியாராக்கிட்டே."

மார்ச் 13, வெள்ளி

தென்னந்துடைப்பம், குறுக்கும் நெடுக்குமாக ஐந்து தடவை. வேட்டியைத் துவைத்து மறுபடி இழுத்தோம். மங்கலான சிவப்பு. புல்நுனி சுருள்கிறது. குழாய் பக்கமே திரும்பவில்லை நான். பிள்ளையைப் பட்டினி போடுவது போல இருந்தது.

செவிலிமேடு பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கினேன்.

மார்ச் 15, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை.

மதியம் பன்னிரண்டு. பந்தல்காரர் கம்பளச் சுருளோடு வாசலில். "இன்னாக்கா, விரிக்கவா வேணாவா? வண்டி நின்னுக்கினு இருக்குது."

வேட்டியை மண்டபத்துக்காரம்மாவின் எதிரிலேயே இழுத்தோம். வாங்கி, வெயிலுக்கு நேரே பிடித்து, இழை இழையாகப் பார்த்தார். தறியிலிருந்து இறக்கிய புடவையையும் இப்படித்தான் பார்த்திருப்பார். நான் முந்திக்கொண்டு சொன்னேன்: "குழாய் மூலையில மட்டும் இன்னும் ஒட்டுதும்மா. கசிவு இருக்குது. அங்க செவ்வந்தித் தொட்டி வச்சு அடைச்சுடறேன்."

"அந்த மூலையை நானும் பார்த்தேன். நீ சொல்றியான்னு பார்த்தேன்."

பந்தல்காரரிடம் திரும்பினார். "எடுத்துக்கினு போப்பா."

ஐந்தரைக்கு அரக்குப் பட்டில் வந்தார், ஒரு சாண் ஜரிகைக் கரை. தெருப் பெண்கள் இன்னும் வரவில்லை. சாப்பாட்டுக்காரர்களைத் திட்டிவிட்டு நேரே புல்லுக்கு நடந்தார்.

"காலையிலேர்ந்து நின்னுக்கினே இருக்கேம்மா" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். பட்டோடு. காலை நீட்டி, உள்ளங்கையால் புல்லைத் தடவினார்.

"வாடிக் கிடக்குது பாரு. எப்ப தண்ணி வுடுவே?"

"நாளைக்குக் காலையில."

"வெட்டுறது?"

"செவ்வாய்க்கிழமை. அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தபா."

"வருஷம் பூரா வா."