காவலுக்குப் போன துப்பாக்கி

பச்சைமலை
3.11.2025

அன்புள்ள லதாவுக்கு,

நான் நலம். அம்மா மண்டபத்தில் மாமாவின் அஸ்தியைக் கரைத்துவிட்டு நீ தில்லை நகருக்கு ஆட்டோ ஏறினாய், நான் துறையூர் பஸ் ஏறினேன். அப்பாவைக் கரைத்துவிட்டு வந்தவளிடம் சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை எனக்கு. கோபித்துக்கொள்ளாதே. போனில் நாம் பேசுவதைவிடச் சும்மா இருப்பதுதான் அதிகம். அதனால்தான் எழுதுகிறேன்.

மாமாவின் வேட்டைத் துப்பாக்கி பற்றிய விஷயம். போலீஸ் ஸ்டேஷனில் சொன்னபடி அதைத் திருச்சியில் பீமராவின் துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்திருக்கிறேன். வாரிசு நீ ஒருத்திதான். நீ சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் என் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம், இல்லாவிட்டால் விற்றுவிடுவதே நல்லது என்கிறார் பீமராவ். மரவள்ளி கிழங்கு பிடிக்கும் நேரம் இது. பன்றிகள் தினமும் வருகின்றன. அந்தத் துப்பாக்கி துணைக்கு வராமல் காட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை.

கையெழுத்துப் போட்டு அனுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

நவநீதன்

---

தில்லை நகர்
12.11.2025

அன்புள்ள உங்களுக்கு,

அன்றைக்குச் சாப்பிட்டேன். இப்போதாவது கேட்டீர்களே. மறுநாளே கிளினிக்குக்குப் போய்விட்டேன். டோக்கன் கொடுக்கிற வேலையில் அழுவதற்கு நேரம் கிடைப்பதில்லை, அதுவும் ஒருவிதத்தில் நல்லதுதான்.

கையெழுத்துப் போட மாட்டேன். விற்றுவிடலாம்.

பன்றிக்காக என்று சொல்லாதீர்கள். பன்றியைச் சுட அனுமதி கிடையாது, வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிக்கலாம், அவ்வளவுதான். அந்தச் சத்தத்தையே ஊரில் யாரும் கேட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிச்சமுத்து காவலுக்குப் போய்த் தூங்குகிறார் என்று அப்பாவைப் பார்த்து ஊரே சிரித்தது. வருஷா வருஷம் பாதிக் கிழங்கு பன்றிக்குத்தான் போனது. போன பொங்கலுக்கு அப்பா இங்கே வந்தபோது நானும் என் பங்குக்குக் கேட்டேன்: “தூங்கறதுக்கு எதுக்குப்பா துப்பாக்கி? வித்துத் தொலைங்க.” அவர் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.

உண்மையான காரணத்தையும் எழுதிவிடுகிறேன். நம் பிள்ளை அன்புவை முசிறியில் ஆறு கொண்டுபோன வருஷம், அவன் காரியம் முடிந்த மறுநாள், அந்தத் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் பார்த்தேன். எனக்கு முன்னால் அப்பா பார்த்துவிட்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, “மாப்பிள்ளை, இன்னியிலேருந்து காவலுக்குத் துணைக்கு வாங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல” என்றார். கடைசிவரை கண்ணாடியில்லாமல் பேப்பர் படித்த மனிதர் அவர்.

அதற்குப் பிறகு அந்த மலையில் என்னால் இருக்க முடியவில்லை, வந்துவிட்டேன். உங்களோடு அப்பா இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் இத்தனை வருஷம் இங்கே தூங்கினேன். இப்போது அந்த வீட்டில் நீங்களும் அதுவும் மட்டும் என்றால் என்னால் தாங்க முடியாது.

பிரேமலதா

---

பச்சைமலை
20.11.2025

அன்புள்ள லதாவுக்கு,

நீ பார்த்தாய் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. படித்துவிட்டு மாலைவரை ஒரு வேலையும் ஓடவில்லை.

மாமா தூங்கியதே இல்லை. வெடி கேட்காததற்குக் காரணம் வேறு. அந்தத் துப்பாக்கியில் தோட்டா இல்லை.

துணைக்குப் போன முதல் வருஷம், ஒருநாள் காவல் பரண்மேல் அவர் கண்மூடியிருந்தார். நான் அதை எடுத்துப் போல்ட்டை இழுத்தேன். ஏன் இழுத்தேன் என்று கேட்காதே, உனக்கே தெரியும். உள்ளே ஒன்றுமில்லை. அவர் பையைத் துழாவினேன். வெற்றிலை, சுண்ணாம்பு, டார்ச் இவ்வளவுதான் இருந்தது. திரும்பினால் அவர் விழித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பன்னி வந்துச்சா மாப்பிள்ளை?”

“இல்ல மாமா.”

அவ்வளவுதான். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசவே இல்லை. வாரம் தவறாமல் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைப்பார், ஊர் பார்க்கத் தோளில் மாட்டுவார். பன்றி வந்தால் நான் தகரம் தட்டுவேன். கிழங்கு போனது. தூங்குமூஞ்சி என்று டீக்கடையில் அவர் காதுபடவே சொன்னார்கள், “ஆமாப்பா, வயசாயிடுச்சு” என்பார். தன் காவலைப் பற்றி அவருக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியுமே.

அதனால்தான் கேட்டேன். அது என்னை ஒன்றும் செய்யாது. கொடு.

நவநீதன்

---

தில்லை நகர்
1.12.2025

அன்புள்ள உங்களுக்கு,

கிளினிக்கில் மாத்திரை அறைக்குள் போய் உங்கள் கடிதத்தைப் படித்தேன். கூட வேலை பார்க்கிற வஹீதா வந்து, யாருக்கு என்ன ஆச்சு அக்கா என்றாள். எங்கப்பாவுக்கு என்றேன். அவர்தான் போன மாதமே போயிட்டாரே என்று விழித்தாள். ரசம் ஊற்றச் சொன்னாரே, அந்த முகம்தான் எனக்கு முன்னால் நிற்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவர்.

ஆனாலும் விற்றுவிட்டேன். முசிறிப் பக்கம் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் வாங்கிக்கொண்டார். அதில் தோட்டா இல்லை என்பதெல்லாம் அப்பா இருந்தவரைக்கும்தான். லைசென்ஸ் உங்கள் பெயரில் வந்தால் தோட்டா வாங்குவதும் உங்கள் கையில்தானே. பீமராவ் எடுத்துக் கொடுத்தபோது அப்பாவின் எண்ணெய் வாசனை அடித்தது. கொடுக்க மனசு வரவில்லை, இருந்தும் கொடுத்தேன். என்னை வெறுக்காதீர்கள்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இங்கே வாருங்கள். இரண்டு அறை இருக்கிறது. மலைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள். அன்பு ஓடின வரப்பெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

பிரேமலதா

---

பச்சைமலை
9.12.2025

அன்புள்ள லதாவுக்கு,

வெறுப்பு ஒன்றும் இல்லை. உன்னுடையது, விற்றாய்.

திருச்சிக்கு வந்து நான் என்ன செய்வேன்? நீ வேலைக்குப் போனபிறகு அந்த இரண்டு அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். நீ எந்த வரப்பை விட்டு ஓடுகிறாயோ அதில்தான் எனக்கு அவன் இருக்கிறான். நாம் இப்படியே இருந்துவிடுவோம் லதா, இனிமேல் எதையும் சேர்க்க வேண்டாம்.

நீ பயப்படுகிறாயே, அதற்கு ஒன்று செய்கிறேன். சனிக்கிழமைதோறும் கிழங்கு ஏற்றிக்கொண்டு துறையூருக்கு இறங்குகிறேன். அங்கே ஒரு கார்டு போடுகிறேன். பதில் எழுத வேண்டாம், கார்டு வந்தால் போதும். வராத வாரம் மழை என்று நினைத்துக்கொள், மழையில் வண்டி இறங்காது.

நவநீதன்

---

துறையூர்
13.12.2025

லதா, இருக்கிறேன்.
ந.

---

துறையூர்
20.12.2025

லதா, இருக்கிறேன். நேற்று மூட்டமாக இருந்தது, மழை இல்லை. பரண்மேல் தனியாக உட்கார்ந்தால் இடது பக்கம் குளிர்கிறது. அது மாமா உட்காரும் பக்கம்.
ந.

---

தில்லை நகர்
8.1.2026

அன்புள்ள உங்களுக்கு,

இரண்டு சனிக்கிழமை போய்விட்டது. கார்டு இல்லை. மழையும் இல்லை. மலையிலிருந்து கிளினிக்குக்கு வந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன், ஒரு பொட்டு மழை இல்லை என்றார். உங்கள் போனும் பக்கத்துக் காட்டு ஸ்டீபன்ராஜ் போனும் கிடைக்கவில்லை. காய்ச்சலாக இருக்கும், வண்டி கெட்டுப்போயிருக்கும், கார்டு தீர்ந்திருக்கும் என்று எனக்கு நானே நூறு காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

துப்பாக்கியை விற்றால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அப்பா தோட்டாவை எடுத்ததோடு நிற்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பதினொரு வருஷம். நானோ, “இடது பக்கம் குளிர்கிறது” என்ற கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, பதில் எழுத வேண்டாம் என்று நீங்கள் சொன்னதையும் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

மலைக்கு இன்றைக்கு இனி பஸ் இல்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். அதுவரை சும்மா இருக்க முடியாமல் இதை எழுதுகிறேன். அப்பாவின் போர்வையைப் பையில் எடுத்து வைத்தாயிற்று. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை, கையிலேயே கொண்டு வருகிறேன்.

இதை நீங்கள்தான் படிக்க வேண்டும். நீங்கள் படித்து முடிக்கும்வரை நான் இடது பக்கம் உட்கார்ந்திருப்பேன்.

லதா