பார்க்காதே என்று எழுதிய வரி

வியாழக்கிழமை, மழை. ஊரப்பாக்கம்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் பேசுவதை போன் எழுதிக்கொள்கிறது.

மகள் சுமதிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. புரோகிராமை ஓடவிடும் முன்பே தப்பைக் கண்டுபிடிக்க ஒரு டூல் வைத்திருக்கிறாள். கறுப்புத் திரையில் கட்டளை அடித்தால், தப்பான வரியைச் சிவப்பில் காட்டும். தீபாவளிக்கு முன்னால் அப்படி ஒரு வரியைக் காட்டியது. மேனேஜர் ஸ்பீக்கரில், "அந்த வரிய மட்டும் பாக்காதேன்னு டூலுக்கு எழுதி வச்சிடும்மா. அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்றார். நான் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

இன்று அதே வரியில் புரோகிராம் நின்றுவிட்டது. "நான் எப்போ சொன்னேன் சுமதி? எழுதினது உன் பேர்லதானே கீது" என்கிறார் அதே மேனேஜர். நாளைக்கு விசாரணையாம். வேலை நிலைக்குமா தெரியவில்லை.

"போனைக் குடும்மா, அவர் சொன்னத நான் காதால கேட்டேன்னு சொல்றேன்" என்றேன்.

"பெத்த அப்பா சாட்சிய எவன்பா ஒத்துப்பான்? அவர் இன்னா சொன்னார்னு உனக்குப் புரிஞ்சுதா?"

அன்று புரியவில்லைதான். ஆனால் நடுவில் அவர் இருமியதுகூட ஞாபகம் இருக்கிறது.

சாப்பிடாமல் உட்கார்ந்து டூலை மறுபடி ஓட்டினாள்.

"இன்னா சொல்லுது?"

"தப்பே இல்லைன்னு சொல்லுதுப்பா."

அந்த வரியை அது இன்னும் பார்க்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிறது. தூக்கம் வரவில்லை. அவர் சொன்னதை இன்னொரு தரம் சொல்கிறேன், போனாவது எழுதிக்கொள்ளட்டும். அந்த வரிய மட்டும் பாக்காதேன்னு டூலுக்கு, இங்கே இருமினார், எழுதி வச்சிடும்மா. அப்புறம் சரி பண்ணிக்கலாம்.