பிரிக்காத பூப்பொட்டலம்

தென்காசி
20.7.1986

அன்புள்ள அத்தானுக்கு,

ஆவுடைத்தாய் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். நான் இருக்கிறேன்.

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. உங்கள் பஸ்ஸில் நிற்க இடமில்லை. உங்களுக்குப் பதிலாக வந்திருக்கிற கண்டக்டர் நம் தெருமுனையில் விசில் ஊதினால் குக்கர் சத்தம் போடுவது மாதிரி இருக்கிறது. ஆனாலும் அதைக் கேட்டதும் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்குத்தான் ஓடுகிறேன். உங்கள் இருமல் கேட்காமல் வீடு வீடாகவே இல்லை. இருமலைப் போய் யாராவது தேடுவார்களா? நான் தேடுகிறேன்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் உங்களுக்குத் துணை இருக்கிற உங்கள் தம்பி நயினார் விவரமாக எழுதியிருந்தார். நுரையீரல் கட்டி மற்ற இடங்களுக்கும் பரவியிருப்பதால், வழக்கமாக ஏற்றும் மருந்துகளோடு புதிதாக ஒன்றையும் சேர்த்துப் பார்க்கப் போகிறார்களாம். அதனால் ஆயுள் கூடுமா என்று டாக்டருக்கே தெரியாதாம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடாம். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் தீபாவளி தாண்டியும் அங்கேயே இருக்க வேண்டும். யாருக்குப் புதுமருந்தும் சேர்த்து, யாருக்குப் பழையது மட்டும் என்பதைச் சீட்டு எடுத்துத்தான் முடிவு செய்வார்களாம்.

நீங்களோ, கோயிலில் பூக்கட்டிப் பார், வெள்ளை வந்தால் கையெழுத்துப் போடுகிறேன், சிவப்பு வந்தால் ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று சுருக்கமாக எழுதிவிட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை போனேன். நந்தியாவட்டையை ஓர் இலையிலும் செவ்வரளியை இன்னோர் இலையிலும் மடித்து உலகம்மன் சந்நிதியில் வைத்தேன். பூக்கடை குருவம்மாளின் பேத்தி ஒன்றை எடுத்து என் கையில் தந்தது. பிரிக்க விரல் வரவில்லை. குருவம்மாள் பார்த்துவிட்டு, எம்மா, பிரிச்சிப் பாருங்க, எதுக்கு இப்படி விறைச்சுப்போயி நிக்கிய என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? வெள்ளை வந்தால் உங்களை எத்தனை மாதம் பார்க்காமல் இருக்க வேண்டுமோ. சிவப்பு வந்தால் எத்தனை மாதம்தான் பார்க்க முடியுமோ. இரண்டு பொட்டலத்தையும் அப்படியே கொண்டுபோய்ச் சிற்றாற்றில் விட்டுவிட்டேன்.

அம்மன் கோபித்துக்கொண்டால் என்னைக் கோபித்துக்கொள்ளட்டும். அங்கே டாக்டர் ஒரு சீட்டு எடுக்கிறார், இங்கே நான் ஒரு பூ எடுக்கிறேன் என்றால் சுவாமிதான் யாருக்குப் பதில் சொல்வார்? நானே சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடுங்கள். சீட்டில் புதுமருந்து விழுந்தாலும் சரி, விழாவிட்டாலும் சரி, போடுங்கள். உங்களோடு இருந்த காலம் எனக்குப் போதவில்லை அத்தான். ஒரே ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கும் என்றாலும் அது எனக்கு வேண்டும்.

முடியெல்லாம் கொட்டிவிட்டது, இந்தக் கோலத்தில் என்னைப் பார்க்க வராதே என்று எழுதியிருந்தீர்கள். திருச்செந்தூரில் நீங்கள் மொட்டை போட்டு, காது இரண்டும் விடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவள்தானே நான்? உங்கள் முடியையா கட்டிக்கொண்டேன்? அக்காள் சொக்கம்மாள் தானே வலிய வந்து, நீ போயிட்டு வாட்டி, பிள்ளையள நான் பாத்துக்கிடுதேன் என்று சொல்லிவிட்டாள். பெட்டியில் துணிகூட அடுக்கிவிட்டேன்.

மூச்சு முட்டாமல் உலகம்மன் உங்களைப் பார்த்துக்கொள்வாள். சோறு இறங்காவிட்டால் கஞ்சியாவது குடியுங்கள். பதில் நாலு வரி போதும். கை வலித்தால் நயினாரை எழுதச் சொல்லுங்கள். வர வேண்டாம் என்று மட்டும் இன்னொரு முறை எழுதிவிடாதீர்கள்.

உங்கள்
ஆவுடைத்தாய்